அவசரத்துக்கு விற்பவர்கள்: ஆள்பிடிப்பவர் முதல் மனைத் தரகர் வரை

ரியல் எஸ்டேட் முதலீடு கற்றுத் தருகிறோம் என்று சொல்லும் வீடியோக்கள் தமிழிலும் நிறைய வந்துவிட்டன. பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்து இறக்கிய சரக்கு. அவற்றின் முதல் பாடம் நிலத்தைப் பற்றியதே இல்லை, மனிதரைப் பற்றியது. நல்ல இடத்தைத் தேடி அலையாதே, விற்றே தீர வேண்டிய ஆளைத் தேடு என்கிறது அந்தப் பாடம். 'மோட்டிவேட்டட் செல்லர்' என்று அவருக்கு ஒரு பெயரும் உண்டு. வீட்டில் சாவு விழுந்தவர், மணவிலக்கு வழக்கில் இருப்பவர், ஆஸ்பத்திரிக் கடன்காரர், வரி பாக்கி வைத்தவர், வேலை போனவர், பாகம் பிரியாத சொத்தில் பங்கு வைத்துக்கொண்டு வெளியூரில் இருப்பவர் என்று பட்டியல் நீளும். மஞ்சள் தாளில் கையால் எழுதியது போலக் கடிதம் போடச் சொல்வார்கள். மற்றவர்கள் வருவதற்குள் ரொக்கத்தோடு போய் நிற்கச் சொல்வார்கள்.

நம் ஊர்த் தரகர் இதற்கெல்லாம் வகுப்புக்குப் போனதில்லை. அடகுக் கடையில் யார் நகை ஏலத்துக்கு வருகிறது, ஜிப்மரில் யார் வீட்டு ஆள் படுத்திருக்கிறார், நுண்கடன் குழுவில் யார் இந்த வாரம் தவணை கட்டவில்லை, யார் வீட்டில் கருமாதி முடிந்து அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சிலேயே அவருக்குக் கிடைத்துவிடும். தெரிந்த அன்று மாலையே வந்துவிடுவார். கையில் அட்வான்ஸ் இருக்கும்.

நம் மக்கள் கையில் இருந்து நிலம் போனதற்குக் குடி, அறியாமை, பொறுப்பின்மை என்று ஊர்ப் பெரியவர்கள் முதல் பேராசிரியர்கள் வரை காரணம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குடி எல்லாத் தெருவிலும்தான் இருக்கிறது. நமக்கு எப்போது பணமுடை வரும் என்பதைக் கவனிப்பதையே தொழிலாக வைத்திருந்த ஒருவர் எல்லாக் காலத்திலும் நம் தெரு முனையில் நின்றிருக்கிறார். அவருடைய வரலாறு எழுதப்படவில்லை. அதைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாம் தோழர்களே.

மடுகரையில் இருந்து தொடங்குவோம். புதுச்சேரி மாநிலம், பாகூர் தாலுகா, நெட்டப்பாக்கம் கொம்யூன். புதுச்சேரி ஒரே துண்டாக இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கும் நிலம் என்பது தெரிந்ததுதான். மடுகரைக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டுத்தறி ஊரான சிறுவந்தாடு விழுப்புரம் மாவட்டம். சாராயக் கடையும் பெட்ரோல் விலையும்தான் எல்லைக்கல் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். நிலத்துக்கும் அப்படி ஒரு கோடு ஓடுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் ஆட்சி இருந்தது. 1892இல் அங்கே ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கி, அதை மற்றவருக்கு விற்கக் கூடாது என்று ஆணை வந்தது. இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. அந்த ஆணையின் ஒரு வரிகூட இங்கே செல்லாது. ஒரே வெயில், ஒரே நெல், ஒரே கரும்பு, இரண்டு பக்கமும் அதே ஊர், அதே சேரி. விற்பனைக்குத் தடை இருந்த பக்கத்திலும் நிலம் போனது, இல்லாத பக்கத்திலும் போனது. ஏன் என்பதுதான் கேள்வி.

நிலமே இல்லாத காலத்தில் நம் முன்னோரிடம் விற்க என்ன இருந்தது? உடம்புதான் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் அடிமைமுறைக்கு நீதிமன்ற ஆதரவை நீக்கியது. பெயர் மாறியதே தவிர, படியாள் முறை தொடர்ந்தது. கல்யாணத்துக்கு, சாவுச் செலவுக்கு, பஞ்சத்தில் கஞ்சிக்கு என்று வாங்கிய சின்னத் தொகைக்கு ஓர் ஆள், பிறகு அவன் மகன், பண்ணையில் கட்டுண்டு கிடந்தார்கள். கல்யாணம் என்ற சொல்லைக் கவனியுங்கள். மிராசுதார் தன் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளக் காத்திருந்த நாள் அது. குடிசை நின்ற மண்ணும் பல ஊர்களில் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் சேரியை விட்டே கிளப்ப முடியும்.

இதே காலத்தில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இன்னொரு சந்தை நடந்தது. 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். இந்தத் துறைமுகங்களில் இருந்து ரெயூனியோன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். குவாதலூப்புக்கு முதல் கப்பல் 1854 டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தும் ஆள் எடுக்க வழி செய்தன. ரெயூனியோனில் நடந்த கொடுமைகளால் அந்தத் தீவுக்கு ஆள் அனுப்புவதை 1882இல் பிரிட்டிஷார் நிறுத்தினார்கள்.

கப்பலுக்கு ஆள் சேர்த்த மேஸ்திரி ஊர் ஊராகப் போய் என்ன தேடினார்? திடகாத்திரமான ஆளை என்று பதிவேட்டில் இருக்கும். அவர் உண்மையில் தேடியது ஊரைவிட்டு ஓட வேண்டிய நிலையில் இருக்கும் ஆளை. படியாள் கடனில் மூழ்கியவர், அடி வாங்கியவர், புருஷன் செத்தவர். தாது வருஷப் பஞ்சம் போன்ற காலத்தில் தேடவே வேண்டியதில்லை. கையில் கொஞ்சம் முன்பணம், வயிற்றுக்குச் சோறு, தாளில் கைநாட்டு. இன்றைய தரகரின் கருவிகள் மூன்றும் அன்றே தயார். போனவர்கள் எல்லாரையும் ஏமாந்தவர்கள் என்று மட்டும் சொல்லவும் எனக்கு மனமில்லை. பண்ணையில் இருந்து தப்பிக்க அதையே வழியாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஆனால் எந்த விலைக்கு என்பதை முடிவு செய்தது அவர்களுடைய அவசரம்.

இனி கோட்டைத் தாண்டி, விற்பனைத் தடை இருந்த பக்கத்துக்குப் போவோம். செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் 1891 அக்டோபரில் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். கடனால் கட்டப்பட்ட பண்ணையாட்கள், சொந்தமில்லாத குடிசை மனை, எழுத்தறிவின்மை எல்லாம் அதில் உண்டு. முக்கியமானது தரிசு நிலம் பற்றியது. அரசுத் தரிசை யார் வேண்டுமானாலும் விண்ணப்பித்துப் பெறலாம் என்பது விதி. அந்த விதியைத் தர்காஸ்து என்பார்கள். ஆனால் மிராசுதாருக்கு முன்னுரிமை. சேரியில் இருந்து ஒருவர் மனுப் போட்டால் அது முதலில் மிராசுதாருக்குத் தெரியும். அவர் தனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சேரிக்காரர் மனு செத்தது. தகவல் யார் கைக்கு முதலில் போகிறது என்பதில்தான் எல்லாமே இருந்தது. இன்று வரை அதுதான்.

1892 செப்டம்பர் 30ஆம் தேதி சென்னை அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது இந்த வழியில் ஒதுக்கப்பட்டதைத்தான். 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. நிபந்தனை உங்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். முதல் 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கவோ வேறு வகையில் கைமாற்றவோ கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அந்தக் கிரயம் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வருவாய்க் கணக்கில் அந்த நிலத்துக்கு எதிரே டிசி என்று இரண்டெழுத்து இருக்கும்.

அரசு கருணையில் கொடுத்தது என்று இதைக் கொண்டாட வேண்டியதில்லை. ரூபா விஸ்வநாத் 2014இல் எழுதிய ஆய்வு நூல், ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளரும் அரசு இயந்திரமும் கைகோத்து இந்தச் சீர்திருத்தங்களை எப்படி மழுங்கடித்தார்கள் என்று விரிவாகக் காட்டுகிறது. ஆனாலும் அந்த நிபந்தனையில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. விற்க வேண்டிய நாள் வரும் என்று முன்கூட்டியே யோசித்து எழுதியது அது.

அப்படியானால் நிலம் எப்படிப் போனது? நிபந்தனை விற்பதைத் தடுத்தது, தேவையைத் தடுக்கவில்லை. விதை நெல்லுக்கும் மாட்டுக்கும் பிரசவத்துக்கும் கடன் கொடுக்க ஆணையில் ஏற்பாடு இல்லை. கடன் கொடுக்கத் தயாராக இருந்தவர் அதே மிராசுதார், அதே வட்டிக்காரர், அதே மணிலாக்கொட்டை வியாபாரி. (தென்னார்க்காட்டில் விளைந்த மணிலாக்கொட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய்க்குப் போன காலம் அது. அறுவடைக்கு முன்பே முன்பணம் கொடுத்து மகசூலை எழுதி வாங்குவது அந்த வியாபாரத்தின் முறை.) நிலத்தைக் கிரயம் எழுத முடியாவிட்டால் என்ன? ஒத்தி, போக்கியம், வெற்றுத்தாளில் கைநாட்டு, வாய்ப்பேச்சில் குத்தகை. இரண்டு தலைமுறை அனுபவத்தில் இருந்தால் அனுபவம் உரிமை ஆகிவிடும், கிராமக் கணக்கை எழுதுபவரும் அவர்கள் ஆள்தான். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் வந்தபோது பல ஊர்களில் அந்த டிசி என்ற இரண்டெழுத்தே புதிய பதிவேட்டில் இல்லாமல் போனது என்பது இந்தப் போராட்டத்தில் இருக்கும் தோழர்கள் ஊருக்கு ஊர் சொல்லும் செய்தி.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அமலாகாத தடை விற்பவரைக் காப்பாற்றுவதில்லை, வாங்குபவருக்குத் தள்ளுபடி கொடுக்கிறது. பக்கத்துப் பட்டா நிலம் 10 ரூபாய் போனால், "இது வில்லங்கம் உள்ள நிலம், யார் வாங்குவான், நான் ரிஸ்க் எடுக்கிறேன்" என்று சொல்லி டிசி நிலத்தை 4 ரூபாய்க்குக் கேட்பார்கள். வாங்கிய பிறகு தாசில்தார் அலுவலகத்தில் வில்லங்கத்தைச் சரி செய்துகொண்டு 10 ரூபாய்க்கு விற்பார்கள். நம்மைக் காக்க எழுதிய நிபந்தனை அவர்களுடைய லாபமாக மாறும் வித்தை இது. பஞ்சமி நிலத்தில் மனைப்பிரிவுகள் எழும்பியதற்கு இந்தத் தள்ளுபடி ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

1994இல் செங்கல்பட்டுப் பகுதியின் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போனவர்கள் அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்து அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் அவர்கள் படத்துக்கு மாலை போடுகிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு பிரசவத்துக்கோ கருமாதிக்கோ வாங்கிய கடனில் கைமாறியதை மீட்க இரண்டு உயிர் போனது என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் அந்த நாளின் எடை புரியும்.

கர்நாடகம் இதே சிக்கலுக்கு 1978இல் தனிச் சட்டமே போட்டது. பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கிய நிலத்தை நிபந்தனை மீறி வாங்கியிருந்தால், சட்டம் வருவதற்கு முன்பு நடந்த கிரயமும் செல்லாது, நிலம் திரும்பும். 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பின்னாளில் நியாயமான காலத்துக்குள் வரவில்லை என்று சொல்லி நீதிமன்றங்கள் மனுக்களைத் தள்ளத் தொடங்கியதால், கால வரம்பு கிடையாது என்று 2023இல் அந்த மாநிலம் திருத்தம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் பஞ்சமி நிலத்துக்கு அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தடைச் சட்டம் என்றாலே நமக்கானது என்று நம்பிவிடவும் கூடாது. பஞ்சாபில் 1900ஆம் ஆண்டு நில மாற்றச் சட்டம் வந்தது. வட்டிக்காரர் கையில் விவசாயி நிலம் போகக் கூடாது என்பது நோக்கம். 'விவசாயக் குடிகள்' என்று அரசு பட்டியலிட்ட சாதியாரின் நிலத்தை அந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர் வாங்க முடியாது. தலித்துகள் அந்தப் பட்டியலில் இல்லை. நாள் முழுக்க ஏர் ஓட்டியவன் விவசாயி இல்லை என்று சட்டமே சொல்லிவிட்டது. அரை நூற்றாண்டு அந்தச் சட்டம் இருந்தது. காசு இருந்தாலும் வாங்க முடியாது.

இனி கோட்டுக்கு இந்தப் பக்கம், மடுகரைக்கே திரும்பலாம். நெட்டப்பாக்கம் பகுதிக்கு விடுதலை வரலாற்றில் பெருமையான இடம் உண்டு. 1954 மார்ச் இறுதியில் எதுவார் குபேரும் அவருடைய கூட்டாளிகளும் இந்தப் பகுதியைப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்து பிடுங்கித் தற்காலிக அரசு அமைத்தார்கள். அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 நிர்வாகம் கைமாறியது. ஆட்சி மாறியது, களத்துமேடு மாறவில்லை. தலைமை தாங்கியவர்களில் பெரும் நிலவுடைமைக் குடும்பங்கள் இருந்தன என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாமல் விட்டாலும் ஊர் அறியும். நில உச்சவரம்புச் சட்டம் 1973இல்தான் இங்கே வந்தது. அதற்குள் பாகப்பிரிவினைப் பத்திரங்கள் எழுதி முடித்திருக்க வேண்டியவர்கள் எழுதி முடித்திருப்பார்கள்.

ஆக, இந்தப் பக்கத்துச் சேரிகளுக்குப் பழைய ஒதுக்கீடும் இல்லை, அதைக் காக்கும் இரண்டெழுத்தும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மக்கள்தொகையில் ஏறத்தாழ 16 விழுக்காடு பட்டியல் சாதியினர். நெட்டப்பாக்கம், ஏம்பலம், திருபுவனை, ஊசுடு என்று இந்தக் கிராமப் பகுதியிலேயே நான்கு தனித்தொகுதிகள். ஓட்டுக்கு இருக்கும் கனம் நிலத்துக்கு இல்லை. நம்மவரிடம் இருக்கும் நிலம் மில் சம்பளத்திலோ, வெளிநாட்டுக் காசிலோ, கரும்பு வெட்டிச் சேர்த்ததிலோ வாங்கியது. இங்கே நிலத்தைக் குழிக் கணக்கில் பேசுவார்கள். 100 குழி ஒரு காணி, அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று மேல். நம் தெருவில் ஒருவரிடம் 30 குழி இருந்தால் அவர் வசதியானவர்.

அந்த 30 குழியைத் தாங்கிப் பிடித்திருந்த தூண்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நின்றது. ஏ.எஃப்.டி, சுதேசி, பாரதி பஞ்சாலைகள் நொடித்து 2020இல் பூட்டப்பட்டன. 1936 ஜூலை 30இல் 12 தொழிலாளர் உயிர் கொடுத்து 8 மணி நேர வேலை வாங்கிய மண் இது. அந்த வேலையே இல்லாமல் போனது. இன்னொரு பக்கம் விழுப்புரம் சாலை நெடுகக் கல்லூரிகள், மருத்துவமனைகள், மனைப்பிரிவுகள். சேதராப்பட்டு, கரசூர் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று நூற்றுக்கணக்கான ஏக்கரை அரசே எடுத்து, ஆண்டுக்கணக்கில் சும்மா போட்டு வைத்தது. நிலத்தின் விலை ஏறுகிறது, நிலத்தை வைத்திருப்பவரின் வருமானம் இறங்குகிறது. தரகருக்கு இதைவிட நல்ல காலம் வராது.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தரகருக்குத் தகவல் சொல்வது பல நேரம் நம் தெருப் பையன்தான். டிகிரி முடித்து வேலை இல்லாமல் இருப்பவன். ஒரு பார்ட்டியைக் காட்டினால் 5,000, கிரயம் முடிந்தால் அதற்கு மேல். அவனைத் துரோகி என்று எழுதிவிட்டு நகர்வது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை, ஏனென்றால் அவனிடம் இருப்பது ஓர் அறிவு. எந்த வீட்டில் எந்த வாரம் என்ன கஷ்டம் என்று அவனுக்குத் தெரிகிறது. சங்கம் நடத்தும் நமக்குத் தெரிவதில்லை. நாம் நினைவு நாளுக்கு நிதி கேட்கத்தான் அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்.

பாகம் பிரியாத சொத்து விஷயத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதையை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். 1910 வாக்கில் அவர்கள் கையில் ஏறத்தாழ 1.5 கோடி ஏக்கர் இருந்தது. அடிமைமுறை முடிந்து அரை நூற்றாண்டுக்குள் சேர்த்தது. அடுத்த நூறாண்டில் பெரும்பகுதி போனது. போன வழிகளில் ஒன்று, நம் யூடியூப் ஆசான்கள் சொன்ன அந்த வெளியூர்ப் பங்காளி. உயில் எழுதாமல் தாத்தா இறப்பார், நிலம் 20 பேரன் பேத்திகளுக்குப் பொதுவாக நிற்கும். நிலத்தையே பார்த்திராத ஒரு பேரனைத் தேடிப் பிடித்து அவன் பங்கை வணிகர் சொற்ப விலைக்கு வாங்குவார். மறுநாள் நீதிமன்றத்துக்குப் போய், நானும் பங்குதாரன், பிரித்துக் கொடுக்க முடியாவிட்டால் ஏலம் விடுங்கள் என்பார். ஏலத்தில் அவரே எடுப்பார். குடியிருந்த 19 பேரும் வெளியே. இதைத் தடுக்க 2010இல்தான் ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டு, பல மாநிலங்கள் ஏற்றன. பங்கு வாங்கி உள்ளே வந்தவர் ஏலம் கேட்டால், முதலில் குடும்பத்தாருக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும்.

நம்மிடம் அப்படி ஒன்று 1893ஆம் ஆண்டில் இருந்தே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? பாகப்பிரிவினைச் சட்டம், 4ஆவது பிரிவு. குடும்ப வீட்டில் ஒருவரின் பங்கை வெளியாள் வாங்கிக்கொண்டு பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு மற்ற பங்காளிகள் வாங்கிக்கொள்ளலாம். அது வீட்டுக்கு மட்டும். நிலத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆவது பிரிவு. முதல் நிலை வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால், வாங்கும் முன்னுரிமை மற்ற வாரிசுகளுக்கு உண்டு. அது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019இல் பாபு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தலித் கிறித்தவக் குடும்பங்களுக்கு இந்தப் பிரிவு உதவாது. 1881 ஆணைப்படி பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போன ரெனோன்சான் குடும்பங்களுக்கும் உதவாது. மற்றவர்களுக்கு உதவும், கையில் காசு இருந்தால். வெறும் அட்வான்சுக்கு அக்ரிமென்டும் பவரும் எழுதிக் கொடுத்ததாலேயே நிலம் கைமாறிவிடாது என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் சொன்னதும் அதே உச்ச நீதிமன்றம்தான். பவரில் கையெழுத்துப் போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று அழும் வீடுகளில் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் இந்த வித்தையை நம் பக்கம் திருப்பிய ஓர் அனுபவமும் தமிழ்நாட்டில் உண்டு. 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகு கீழத் தஞ்சைக்குப் போய்த் தங்கியவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். அவர்கள் சர்வோதயக்காரர்கள். வினோபாவின் பூதானத்தில் நடந்து நடந்து, தானமாக வரும் நிலம் பெரும்பாலும் விளையாத நிலம் என்று கண்டவர்கள். காந்தியம் பற்றி நமக்கு இருக்கும் விமர்சனம் அப்படியே இருக்கட்டும், 1981இல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி என்ற அமைப்பு செய்த வேலையைப் பாருங்கள். விற்கத் தயாராக இருக்கும் நிலக்காரரைத் தேடி, நிலமற்றவரோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார வைத்தார்கள். வெண்மணிக்குப் பிறகு கூலிப் போராட்டம் ஓயாத ஊர், பிள்ளைகள் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்ட வீடு, உச்சவரம்புக்குப் பயந்து பினாமி பெயரில் வைத்திருந்த நிலம். அங்கேயும் அவசரம் இருந்தது, இந்த முறை அது மிராசுதாரின் அவசரம். விலை பேசினார்கள். வங்கிகள் முதலில் தயங்கின, பத்திரச் செலவு கழுத்தை நெரித்தது. விடாமல் நின்று கடன் வாங்கி, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்ற அளவில் பெண்கள் பெயரில் எழுதினார்கள். போராட்டத்தாலும் இப்படி வாங்கியும் ஏறத்தாழ 13,000 குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது என்பது அந்த அமைப்பின் கணக்கு.

பெண்கள் பெயரில் எழுதியதை நல்லெண்ணம் என்று மட்டும் பார்க்காதீர்கள். அதில் கணக்கும் இருக்கிறது. புருஷனின் அவசரமும் குடும்பத்தின் அவசரமும் ஒன்றல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்று தமிழ்நாட்டில் தாட்கோ வழியாக 'நன்னிலம்' என்ற பெயரில் நிலமற்ற பெண்கள் நிலம் வாங்கப் பாதி விலை அல்லது 5 லட்சம் வரை மானியம் தருகிறார்கள். தெலங்கானாவில் 2014இல் தலித் பெண்களுக்கு 3 ஏக்கர் என்று அறிவித்து, விற்பவர் கிடைக்காமலும் விலை கட்டுப்படியாகாமலும் திட்டம் திணறியது. வாங்கும் பணம் அரசிடம் இருந்தால் மட்டும் போதாது. எந்த ஊரில், யார், எப்போது விற்பார் என்ற அறிவு வேண்டும். ஆதிக்கச் சாதி வீடுகளின் வாரிசுகள் பெங்களூருவில் இருக்கிறார்கள், நிலம் முள் மண்டிக் கிடக்கிறது. அந்தத் தகவலும் நம் தெருப் பையனிடம் இருக்கிறது.

இதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒற்றை ஏக்கர் திரும்பவும் ஒழுகும். அம்பேத்கர் 1918இலேயே சிறு நிலங்களைப் பற்றிக் கட்டுரை எழுதி, நிலத்தை ஒன்றுசேர்ப்பதால் மட்டும் தீராது என்றார். 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் விவசாய நிலம் முழுவதும் அரசுடைமை ஆகி, கூட்டுப் பண்ணையாகக் குத்தகைக்கு விடப்பட வேண்டும் என்று கேட்டார். நில ஒருங்கிணைப்பும் குத்தகைச் சட்டமும் நிலமே இல்லாத கோடிக்கணக்கான தீண்டப்படாத மக்களுக்கு எதுவும் செய்யாது என்பது அவர் வாதம். தனி ஆள் பத்திரம் இருக்கும்வரை தனி ஆளின் அவசரமும் இருக்கும், அதைத் தேடி ஒருவர் வருவார் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே அந்த ஆவணத்தை வாசிக்கிறேன்.

விற்கவே கூடாது என்று நம் வீடுகளில் போய்ப் பேசுவதும் எனக்கு ஒப்பவில்லை. மகளை நர்சிங் சேர்க்க 10 குழியை விற்கும் அம்மாவுக்கு அந்த உரிமை இருக்கிறது. அவர் விற்கும் விலைதான் கேள்வி. அட்வான்ஸ் வாங்கிய மாலைக்கும் அடுத்த அறுவடைக்கும் நடுவே அவருக்குத் தேவைப்பட்டது ஒரு 50,000 ரூபாய் என்று வையுங்கள். அதை 24 மணி நேரத்தில் புரட்டிக் கொடுக்க ஊரில் ஒரு பெண்கள் குழு இருந்தால், அவர் ஆறு மாதம் பொறுத்து மூன்று பேரிடம் விலை கேட்டு விற்றிருப்பார். விற்காமலும் இருந்திருக்கலாம். நம் சங்கங்களில் மாநாட்டு நிதி இருக்கிறது, வழக்கு நிதி இருக்கிறது, சிலை நிதி இருக்கிறது. இப்படி ஒரு நிதி எனக்குத் தெரிந்து இந்த கொம்யூனில் எந்தக் கிளையிலும் இல்லை. அடுத்த கூட்டத்தில் இதைப் பேச நேரம் கேட்டிருக்கிறேன். வருகிறவர்கள் உங்கள் தெருவில் கடந்த 10 ஆண்டுகளில் கிரயமான நிலங்களைக் குழிக் கணக்கோடு எழுதி வாருங்கள். அந்த மாதம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.